ஆராய்ச்சி மாணவர் நம்மிடம் வந்து பேசட்டும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பட்டப்படிப்பு மாணவர்க்கு அறிவியல், பொறியியல் ஆராய்ச்சியை அறிமுகம் செய்வது எப்படி என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கின்றனர். நான் பி.ஏ., பி.எட். படித்த பள்ளி ஆசிரியன். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றியவன் அல்லன். ஆயினும் நம் பிள்ளைகள் எந்தப் படியில் ஏறுகிறார்கள், எந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள் என்பதை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்து வருகிறேன். அந்த ஒரு தகுதியைக் கொண்டே இங்கு வந்து நிற்கிறேன்.

இச்சங்கம் தொடங்கிய நாளில் நம் முன் இருந்த கவலை, பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேற வைப்பது எவ்வாறு என்பதே. மாலை வகுப்பு நடத்தினோம். குறிப்பேடு வாங்கிக் கொடுத்தோம். சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம் நடந்தோம். இன்று இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போருள் பொறியியற் பட்டதாரிகளையும் அறிவியற் பட்டதாரிகளையும் விரல் விட்டு எண்ண முடியாது. இது சிறிய வளர்ச்சி அன்று. ஆனால், "பட்டம் பெற்ற பின் என்ன செய்யப்போகிறாய்?" என்று இவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேர்வாணையத் தேர்வு என்பான் ஒருவன். வங்கித் தேர்வு என்பாள் ஒருத்தி. சீருடைப் பணியாளர் தேர்வு, சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கணினி நிறுவனம் என்று விடைகள் வரும். இவற்றை நான் குறைத்துப் பேச வரவில்லை. அரசுப் பணி நம் வீடுகளில் விளக்கேற்றியது. அதே அரசின் சம்பளத்தில் வாழும் எனக்கு அதைக் குறைத்துப் பேச உரிமையும் இல்லை. நான் கவனித்தது வேறு. அந்த விடைகளில் ஆராய்ச்சி என்னும் சொல் வருவதே இல்லை. வேண்டாமென்று எண்ணிப் பார்த்து விட்டவர்களாக இருந்தால் நான் மனம் வருந்த மாட்டேன். அப்படியொரு வழி இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை.

கண்ணில் படாததற்குக் காரணம் மாணவரின் சோம்பலும் அன்று, அறிவுக் குறைவும் அன்று. நம் நாட்டுக் கல்வியின் அமைப்பே அப்படி. பட்டப்படிப்புக் கற்பிக்கும் கல்லூரி ஓரிடத்தில் இருக்கிறது. ஆராய்ச்சி நடக்கும் நிலையம் வேறிடத்தில் இருக்கிறது. மேலைநாட்டுப் பெரும் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவனுக்குச் செய்முறை வகுப்பில் உதவி செய்பவனே ஆராய்ச்சி மாணவனாக இருப்பான். அவனைத் தாழ்வாரத்தில் பார்க்கலாம். தேநீர்க் கடையில் பார்க்கலாம். நம் ஊர்க் கல்லூரியிலோ, மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு படித்து முடிக்கும் வரை ஆராய்ச்சி செய்யும் ஒருவரையேனும் பாராமல் ஒரு மாணவன் வெளியே வந்துவிட முடியும். பெரும்பாலோர் அப்படித்தான் வருகின்றனர்.

இத்தனைக்கும் நிலையங்கள் தொலைவில் இல்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிலையம் அது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகம் இருக்கிறது. கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோடைக்கானலில் 1899 முதல் சூரியனை ஆராய்ந்து வருகிறார்கள். கோடைக்குச் சுற்றுலாப் போய் ஏரியில் படகு விட்டுத் திரும்பிய நம் மாணவர் எத்தனை பேர் அந்த மலையுச்சிக் கட்டடத்தை எட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றி மட்டும் சற்றே நின்று சொல்ல விரும்புகிறேன். 1948இல் தொடங்கியது அது. செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்தும் வேலையை இழிவென்று சொல்லி நம் முன்னோர் தலையில் கட்டியது இச்சமூகம். அந்தத் தோல் ஆய்வகத்துக்குள் நுழைந்தவுடன் அதன் பெயர் மாறிவிடுகிறது. அங்கே அது கொலாஜென் என்னும் புரதம். பச்சைத் தோல் ஏன் அழுகுகிறது, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்ந்தால் ஏன் அழுகுவதில்லை என்று கேட்டால் அது வேதியியல். பச்சைத் தோல் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் சுருங்கிவிடும். குரோமியத்தால் பதப்படுத்திய தோலோ கொதிநீரையும் தாங்கும். ஆனால் வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. பாலாற்றங்கரை மக்கள் அதன் விளைவை அனுபவித்தனர். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தது. நீரே இல்லாமல் குரோமியத்தைத் தோலில் ஏற்றும் முறையொன்றை இந்த நிறுவனத்தார் ஆராய்ந்து கண்டுள்ளனர். நம் பாட்டனார் கையாலும் மூக்காலும் அறிந்திருந்த ஒரு பொருளைப் பற்றி இத்தனை கேள்விகள் இருக்கின்றன. அக்கேள்விகளைக் கேட்டு ஊதியமும் பட்டமும் பெறுவோர் வரிசையில் அவருடைய பேரன்கள் எத்தனை பேர் என்பதே என் மனத்தை உறுத்தும் கேள்வி.

ஒரு கணக்கு இருக்கிறது. 2015 முதல் 2019 வரையிலான ஐந்து ஆண்டுகளில் ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்க்கப்பட்டோருள் பட்டியல் சாதியினர் 100க்கு ஏறத்தாழ 9 பேர். பழங்குடியினர் 2 பேர். இட ஒதுக்கீட்டின்படி முன்னவர்க்கு 15, பின்னவர்க்கு ஏழரை. தகுதி இல்லை என்று சொல்லி வாயிலிலேயே நிறுத்துவோர் உண்டு. அவர்களோடு போராட வேண்டியதுதான். விண்ணப்பமே போடாமல் வீட்டிலிருப்போரும் உண்டு. அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

விண்ணப்பம் போட வேண்டுமானால் முதலில் ஆராய்ச்சி என்றால் என்னவென்று தெரிய வேண்டும். அதை யார் சொல்வது? விழாக்களுக்குப் பெரிய விஞ்ஞானிகளை அழைக்கிறோம். அவர்களும் வந்து பேசுகிறார்கள். மாணவர் கைதட்டுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறோம். நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். அத்துடன் முடிந்தது. அறுபது வயதுப் பேரறிஞரைப் பார்த்து, "நாமும் இவரைப் போல் ஆகலாம்" என்று இருபது வயது மாணவன் எண்ணுவதில்லை. "இவர் வேறு பிறவி" என்றே எண்ணுகிறான். இடையில் நாற்பது ஆண்டுப் பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் படிகள் இருந்தன என்பதை அவரே மறந்திருப்பார்.

ஆகவேதான் ஆராய்ச்சி மாணவர்களை அழையுங்கள் என்கிறேன். இன்னும் பட்டம் பெறாதவர். இன்னும் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்குகிறவர். சோதனை பாதியில் நிற்கிறது என்று இரவில் உறங்காதவர். அத்தகையவரே நம் பட்டப்படிப்பு மாணவர்க்கு உகந்த பேச்சாளர்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பயின்ற பழைய மாணவி ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். கட்டடப் பொறியியல் படித்து, கேட் தேர்வு எழுதி மேற்படிப்பு முடித்து, இப்போது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். "அம்மா, நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் உன் ஆராய்ச்சியைச் சொல்லேன்" என்றேன். "ஐயா, சொல்லும்படி இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே" என்றார். "அதையே சொல்" என்றேன்.

அவர் வரும்போது துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்றைக் கையில் கொண்டு வந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, நம் காலனித் தொகுப்பு வீடு ஒன்றின் கூரையிலிருந்து விழுந்தது என்றார். அரங்கில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். கூரைச் சிமெண்டு பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும் வீட்டை அறியாதவர் நம்முள் யார்? அது ஏன் பெயர்கிறது என்று அவர் விளக்கினார். கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிகுதி. அதனால் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலம் ஒன்று உண்டாகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்புள்ள மணலையோ நீரையோ பயன்படுத்தியிருந்தால், உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை நேரே துளைத்துவிடுகிறது. படலம் போனால் துரு ஏறுகிறது. இரும்பு துருவானால் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டை உடைக்கிறது. கம்பியின்மேல் கனமாகப் பூச வேண்டிய கான்கிரீட்டை மெலிதாகப் பூசி ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடித்திருந்தால் இது விரைவில் நடக்கும். அப்போது அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது" என்று குரல் கொடுத்தார்.

இவ்வளவும் புத்தகத்தில் இருப்பது. இது ஆராய்ச்சி ஆகாது என்று அந்த மாணவி தொடர்ந்து சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. கூரையை உடைக்காமலே உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதா என்பதை மின்னழுத்தம் அளந்து கணிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கான்கிரீட் ஈரமாக இருந்தால் ஓர் அளவும், காய்ந்திருந்தால் வேறோர் அளவும் காட்டுகிறது. அந்த வேறுபாட்டைத் திருத்துவது எப்படி என்பதே அவருடைய கேள்வி. நான்கு ஆண்டு உழைப்புக்கு இவ்வளவு சிறிய கேள்வியா என்று மாணவர் சிலர் வியந்தனர். ஆம், இவ்வளவு சிறியதுதான். உலகத்தில் எவரும் முழுதாக விடை சொல்லாத ஒரு சிறு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, சொன்ன விடை சரியென்று மற்றவர் ஒப்பும்படி காட்டுவதே முனைவர் பட்டம். பள்ளிப் பாடத்தில் கேள்விக்கு விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இங்கே கடைசிப் பக்கம் இன்னும் அச்சாகவில்லை.

தாம் கட்டி வைத்த கான்கிரீட் துண்டுகளைத் துருப்பிடிக்க வைப்பதற்கே பல மாதம் காத்திருந்ததாகச் சொன்னார். "துருப்பிடிக்க வேண்டிய கம்பியில் பிடிக்கவில்லை; ஆய்வகத்துத் தண்ணீர்க் குழாயில்தான் பிடித்தது" என்றபோது எல்லாரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பிலேயே ஆராய்ச்சியைப் பற்றிய அச்சம் பாதி போய்விட்டது. பேச்சு முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "அக்கா, மாதம் எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்டான். பக்கத்திலிருந்தவர்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தனர். விஞ்ஞானியிடம் இப்படிக் கேட்கலாமா என்று அவர்களுக்குக் கூச்சம். ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்விகளுள் மிகத் தேவையானது அதுவே. பேராசிரியராக இருந்திருந்தால் அவன் "ஐயா" என்று அழைத்திருப்பான். இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். "அக்கா" என்று அழைக்க முடிந்ததால் கேட்டான்.

விடையையும் இங்கே பதிவு செய்கிறேன். மலரைப் படிக்கும் பெற்றோர்க்கும் பயன்படட்டும். முதுகலை அறிவியல் படித்து நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவர்க்கு, 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. இரண்டாண்டுக்குப் பின் முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000 ரூபாய். விடுதியில் இடம் தராவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. பட்டியல் சாதி மாணவர்க்கென 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய ஆய்வு உதவித்தொகைத் திட்டம் பின்னர்ப் பெயர் மாறித் தேசிய உதவித்தொகையாக வழங்கி வருகிறது. பொறியியல் மாணவர் கேட் தேர்வின் வழியே மேற்படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உண்டு. ஆராய்ச்சிக்குப் போனால் பெற்றோர் செலவு செய்ய வேண்டும் என்று எண்ணி, மகளை மேலே படிக்க விடாத தந்தையர் சிலரை நான் அறிவேன். படிக்கும்போதே வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்தப் பணம் சில வேளைகளில் மாதக்கணக்கில் தாமதப்பட்டு வரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சி மாணவர் மட்டுமே இதை ஒளிக்காமல் சொல்வர்.

ஆராய்ச்சி மாணவர் பேச்சென்றால் இலேசாக எண்ணிவிடாதீர்கள். அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையுடன் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் என்னும் கட்டுரையை வாசித்தார். அகமணமே சாதியைத் தாங்கி நிற்கும் தூண் என்று அங்கே எடுத்துக் காட்டினார். மறு ஆண்டு அது இந்தியன் ஆண்டிகுவரி இதழில் அச்சேறியது. அன்று அவருக்கு வயது 25. சட்ட அமைச்சரும் அல்லர், அரசியல் சாசனத்தின் சிற்பியும் அல்லர். ஓர் ஆராய்ச்சி மாணவர். அவர் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை அணிவிக்கிறோம். நீலக் கோட்டும் கையில் நூலுமாக நிற்கும் அச்சிலைக்குப் பின்னால், சக மாணவர் முன் எழுந்து நின்று தம் கருத்தைச் சான்றுகளோடு வாசித்த ஓர் இளைஞர் இருக்கிறார். அவரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் போதுமான அளவு நாம் பேசவில்லை என்பது என் கருத்து.

பேச்சைக் கேட்டே ஆராய்ச்சிக்கு வந்தவர் கதை ஒன்றும் உண்டு. மைக்கேல் பாரடேயை எல்லாப் பள்ளி ஆசிரியரும் சொல்வர், நானும் சொல்வேன். இலண்டனில் கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய பையன். 1812இல் ராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டான். கேட்டவற்றைப் படங்களோடு எழுதி, தானே கட்டி, டேவிக்கு அனுப்பினான். 1813 மார்ச்சில் அங்கேயே உதவியாளன் ஆனான். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து, இன்று நம் தெருவிளக்கு எரிவதற்கு வழி செய்தான். இக்கதையைச் சொல்லும்போது விடாமுயற்சி என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தச் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு வேண்டியிருந்தது. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் சீட்டைக் கொடுத்தார். அது கிடைக்காதிருந்தால் பாரடே நல்ல புத்தகக் கட்டுநராகவே வாழ்ந்து முடிந்திருப்பார். பின்னாளில் அவரே அந்நிறுவனத்தில் பொதுமக்களுக்கு வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கி வைத்தார். இளைஞர்க்கென அங்கே நடைபெறும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளும் 1825இல் தொடங்கியவையே.

எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் ஒரு வார்த்தை. ஆராய்ச்சி மாணவர் சிலர், தம் துறையினரிடம் பேசிப் பேசி, பிறர்க்கு விளங்காத மொழியைப் பழகிவிடுகின்றனர். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2008இல் இதற்கொரு மருந்து கண்டனர். மூன்று நிமிடம், ஒரே ஒரு படம். அதற்குள் தன் ஆய்வைப் பொதுமக்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். அந்த யோசனை பிறந்த கதை சுவையானது. அப்போது அங்கே கடும் வறட்சி. குளியலை மூன்று நிமிடத்தில் முடிப்பதற்காக மக்கள் குளியலறையில் மணற்கடிகாரம் வைத்திருந்தனர். அதைப் பார்த்தே அந்தப் போட்டி வந்ததாம். நாம் மூன்று நிமிடத்தோடு நிறுத்த வேண்டியதில்லை. அரைமணி நேரம் கொடுக்கலாம். ஆனால் முதல் மூன்று நிமிடத்தில், "நான் கேட்கும் கேள்வி இது" என்று தமிழில் சொல்லிவிட வேண்டும். கலைச்சொல் ஆங்கிலத்தில் இருந்தால் இருக்கட்டும். வாக்கியம் தமிழாக இருக்கட்டும். தம் ஆய்வைத் தாய்க்கு விளங்கும்படி சொல்ல இயலாதவர், இன்னும் சிறிது காலம் அதைத் தாமே எண்ணிப் பார்ப்பது நன்று.

இனி, யார் கேள்வி கேட்பது என்பதையும் சொல்ல வேண்டும். மலக்குழியில் மனிதர் இறங்குவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்தது. அதன் பின்னும் இறங்கினர், இறந்தனர். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. இறங்குவோர் எந்தத் தெருவினர் என்பதை இம்மண்டபத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில், முதுகலைப் பொறியியல் மாணவர் ஒருவரின் இறுதியாண்டுத் திட்டப் பணியாகத் தொடங்கியது, மலக்குழியைத் தூய்மை செய்யும் ஹோமோசெப் என்னும் இயந்திரம். குழியின் வாய் சிறியது, வயிறு பெரியது. அதுவே அங்கிருந்த சிக்கல். தலைகீழாகப் பிடித்த குடையைப் போல் மடக்கி உள்ளே இறக்கி, உள்ளே போனதும் விரியும் அலகுகளைச் செய்தனர். அடியில் இறுகிய கசடை அவை சுழன்று கலக்குகின்றன. கரைந்த கசடை உறிஞ்சி வெளியே எடுக்கலாம். தூய்மைப் பணியாளர் இயக்கத்தாரோடு கலந்து செய்த வேலை அது. 2022இல் தமிழ்நாட்டில் முதல் இயந்திரங்கள் களத்துக்கு வந்தபோது, குழியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களின் கையில் அவை கொடுக்கப்பட்டன.

இயந்திரம் ஒன்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. சட்டத்தை நிறைவேற்றாத அதிகாரியை எந்த இயந்திரமும் திருத்தாது. ஆயினும் நிலவுக்குக் கலம் அனுப்பும் நாட்டில், மூன்றடி அகலக் குழிக்கு ஒரு கருவி செய்ய வேண்டும் என்று கேட்க இத்தனை ஆண்டு ஆனதே, அது ஏன்? கேள்வி கேட்கும் இடத்தில் அமர்ந்திருந்தோர் வீட்டில் எவரும் குழியில் இறங்கவில்லை. நம் பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் போனால் குழியையும் தோலையும் மட்டுந்தான் ஆராய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விண்மீனை ஆராயட்டும், எண்களை ஆராயட்டும், அது அவர்கள் விருப்பம். ஆனால் எது ஆராயத்தக்கது என்று தீர்மானிக்கும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

அந்த நாற்காலி மெத்தை வைத்ததாக இராது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் 2008இல், சேலம் மாவட்டத்திலிருந்து சென்ற நம் இன இளைஞர் ஒருவர், இயற்பியல் ஆய்வு மாணவர், தமக்கு மேற்பார்வையாளர் ஒதுக்கப்படாத நிலையில் உயிர் நீத்தார். அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். அறிவியல் எழுத்தாளர் ஆக வேண்டும் என்று கனவு கண்டவர் அவர். இவற்றைச் சொன்னால் பிள்ளைகள் அஞ்சி விடுவார்களே என்று சிலர் கேட்கலாம். சொல்லாமல் அனுப்பினால் தனியே போய் நிற்பார்கள். மேற்பார்வையாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எத்தனை மாதத்துக்குள் ஒதுக்க வேண்டும், உதவித்தொகை நின்றால் யாருக்கு எழுதுவது, பட்டியல் சாதியினர்க்கான பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, மனம் சோர்ந்த இரவில் எந்த அறைக் கதவைத் தட்டலாம் என்பவற்றையெல்லாம் எந்த விளக்கக் கையேடும் சொல்லாது. உள்ளே இருக்கும் அண்ணனும் அக்காவும்தான் சொல்வார்கள். நாம் அழைக்கும் பேச்சாளர், பேசிவிட்டுப் பேருந்து ஏறிவிடக் கூடாது. பகலுணவு வரை இருந்து, நான்கு பேரோடு தனியே பேசிச் செல்ல வேண்டும் என்பது இதற்காகவே.

சங்கத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் பெருஞ்செலவு பிடிப்பதன்று. மாதம் ஒரு ஞாயிறு, ஓர் ஆராய்ச்சி மாணவர். போக்குவரத்துக் கட்டணமும் பகலுணவும் நாம் தருவோம். பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தில் அடுத்தவரை அழைக்கலாம். பேச்சாளருள் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். எல்லாரும் நம் இனத்தவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மூவரில் ஒருவரேனும் நம் தெருவில் நடந்து பள்ளிக்குப் போனவராக இருக்கட்டும். கேட்க வரும் மாணவர் ஒவ்வொருவரும் குறிப்பேடு கொண்டுவந்து, வீடு திரும்பும் முன் ஒரு கேள்வியாவது எழுதித் தர வேண்டும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையும், செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளையும் ஒட்டி ஆய்வகங்கள் பொதுமக்களுக்கு வாயில் திறப்பதுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பேருந்து பிடித்து அழைத்துப் போகலாம். அறிவியல் கழகங்கள் மூன்று சேர்ந்து, பட்டப்படிப்பு மாணவரைக் கோடையில் இரண்டு மாதம் விஞ்ஞானி ஒருவரிடம் பணியாற்ற அனுப்பும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளன. அதற்கான அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தை நிரப்பித் தர ஓர் ஆசிரியரை இச்சங்கம் பொறுப்பாக்க வேண்டும். அப்பொறுப்பை எனக்குத் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

எங்கள் பள்ளியின் பெரிய வகுப்பறையும் கரும்பலகையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே இருக்கின்றன. உரிய அனுமதி பெற்று அவற்றை இக்கூட்டங்களுக்கு ஒதுக்கித் தருகிறேன். வாயிலருகே உள்ள மேசையில் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். கல்லூரி மாணவர்கள் தம் பெயரையும், படிக்கும் பாடத்தையும், எந்தத் துறை ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்க விரும்புகிறார்கள் என்பதையும் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறேன். உறவினரிலோ தெரிந்தவரிலோ ஆராய்ச்சி மாணவர் இருந்தால், அவர்கள் பெயரையும் முகவரியையும் அடுத்த பக்கத்தில் பெரியோர்கள் எழுதலாம். எழுதுகோல் மேசையிலேயே கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது.